பழைய புத்தகத்துக்கு நல்லது செய்யப் போய்...

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க நனைந்துபோனது. புத்தகங்களை வெள்ளம் கெடுத்தது பாதி. மீதியைக் கெடுத்தது நான்தான். தண்ணீர் வடிந்து வெயில் எட்டிப் பார்த்ததும், வற்றல் காயப்போடுவது மாதிரி எல்லாவற்றையும் மொட்டைமாடியில் பரப்பினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அட்டைகள் அப்பளமாக வளைந்திருந்தன. தாத்தா சேர்த்துவைத்த தீபாவளி மலர் ஒன்று செங்கல்லாக இறுகிவிட்டது. வழவழப்பான தாளின் மேல் களிமண்ணும் பசையும் கலந்த பூச்சு உண்டு. நனைந்தால் இளகும், காயும்போது பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரித்தால் படமும் எழுத்தும் உரிந்து கையோடு வரும்.

வெயிலும் கூடாது, இஸ்திரிப்பெட்டியும் கூடாது. நிழலில், ஃபேன் காற்று நேராக அடிக்காத இடத்தில் உலர்த்த வேண்டும். லேசாக நனைந்த புத்தகத்தை நிமிர்த்தி, பக்கங்களைச் சற்று விரித்து நிறுத்தலாம். ஊறிப்போனதை நிறுத்தினால் பைண்டிங் பிய்ந்துவிடும். படுக்கவைத்து இடையிடையே வெள்ளைத்தாள் செருகி, ஈரம் ஏறியதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செய்தித்தாளைச் செருகாதீர்கள், அதன் மை ஒட்டும். பூஞ்சை 48 மணி நேரத்திலேயே தலைகாட்டிவிடும். அதற்குள் கை ஓடாது என்றால் ஒவ்வொன்றையும் பாலிதீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பூஞ்சை அப்படியே நிற்கும். ஓய்வாக ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்திக்கொள்ளலாம். மீன் வைக்கிற இடத்தில் புத்தகமா என்று வீட்டில் சண்டை வரும். வரட்டும்.

அடுத்தது செல்லோ டேப். கிழிந்த பக்கத்தைப் பார்த்ததும் நம் கை தானாக அதைத்தான் தேடுகிறது. சில வருஷங்களில் பிளாஸ்டிக் உதிர்ந்துவிடும், பசை மட்டும் தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாக நிற்கும். மெல்லிய ஜப்பான் தாளும் கோதுமை மாவிலிருந்து எடுத்த ஸ்டார்ச் பசையும்தான் இதற்குச் சரி. பின்னாளில் ஈரம் காட்டி எடுத்துவிடலாம் என்பதுதான் விஷயம். இதே கணக்கில் பார்த்தால் லேமினேஷன் படுமோசம். தாத்தா காலத்துப் பத்திரத்தைச் சூடான பிளாஸ்டிக்கில் அடைத்த பிறகு, சேதமில்லாமல் வெளியே எடுக்க முடியாது. பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறையில் சும்மா செருகி வைத்தாலே போதும்.

பைண்டிங் கடைக்குக் கொடுத்தால் இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓரம் வெட்டக் கூடாது. யாரோ பென்சிலில் எழுதிய குறிப்பெல்லாம் அதோடு போய்விடும். பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் கலக்கவும் கூடாது. அதிலுள்ள செம்பு தாளை மெல்ல மெல்லச் சிதைக்கும். துருப்பிடிக்கும் குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

பூச்சிக்குப் பாச்சா உருண்டை போடுகிறோம். அதன் நெடி பூச்சியைவிட நம்மைத்தான் அதிகம் படுத்தும். பச்சை வேப்பிலையை அப்படியே செருகுவது இன்னும் மோசம், ஈரத்தை நாமே உள்ளே வைத்த மாதிரி. கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும்; பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப்போட்டு, பின்பக்கத்தை மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். தென்காசிப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் காற்றே ஈரமாக இருக்கும். காற்றாடட்டும் என்று அந்த நாட்களில் ஜன்னலைத் திறந்துவைத்தால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். வெறிச்ச நாளில் திறங்கள்.

உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி வந்த சீமை இது. பரணில் இன்னும் ஓலைக்கட்டு கிடக்கிற வீடுகள் உண்டு. ஏட்டுக்குப் புல்லெண்ணெய், அதாவது எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவார்கள், ஓலை வளைந்துகொடுக்கும். அதைப் பார்த்துவிட்டு, மொடமொடத்துப்போன பழைய கணக்கு நோட்டுக்கும் ஒருவர் எண்ணெய் தடவிக் கொண்டுவந்தார். பஜ்ஜி மடித்த தாள் மாதிரி இருந்தது.