மக்கடேமியா கன்றுக்கு மூடாக்கு: வடை மாதிரிப் போடுங்கள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மழைக்காடுகள்தான் மக்கடேமியா என்ற கொட்டை மரத்தின் பிறந்த வீடு. அங்கே உதிர்ந்த சருகுக்கடியில் வேரை மேலாகவே ஓடவிட்டுப் பழகிய மரம் இது. தோட்டத்துக்கு வந்தாலும் அந்தப் போர்வை, அதாவது மூடாக்கு, இல்லாமல் சரிப்படாது.

நடும் குழியில் உரம் கொட்டாதீர்கள், முக்கியமாகப் பாஸ்பரஸ் உரம். மண்ணில் இருக்கும் கொஞ்சநஞ்சத்தையும் உறிஞ்சி எடுக்க இதற்குக் கொத்துக்கொத்தாகத் தனி வேர்களே உண்டு. வாரிக் கொடுத்தால் இலை மஞ்சளாகும். தண்ணீர் தேங்கும் நிலமா? மேடு கட்டி நடுங்கள். பையில் மண் இருந்த மட்டம்தான் நடும் மட்டம். ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

சரி, மூடாக்கு. முதலில் நிறையத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணை மூடிவிட்டால் அப்புறம் தூறல் எதுவும் உள்ளே இறங்காது. வைக்கோலோ மக்கிய கொட்டைத்தோலோ 10 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி அரைச் சாண் இடம் விடுங்கள். உளுந்து வடையின் ஓட்டை மாதிரி. பார்க்க அழகாக இருக்கிறதென்று தண்டோடு அணைத்துக் குவிப்பதுதான் பெரும்பாலும் நடக்கிற தப்பு. ஈரம் நின்று பட்டை அழுகும். விரலால் தொட்டுப் பாருங்கள், தூர் உலர்ந்திருக்க வேண்டும்.

மரத்துண்டு போடுவதென்றால் மேலோடு நிற்கட்டும், மண்ணில் கிளறிவிடாதீர்கள். காய்ப்புக்கு வந்ததும் அதையும் நிறுத்திவிடுங்கள். பழுத்த கொட்டை தரையில்தான் உதிரும். பொறுக்கும் எந்திரம் அதோடு மரத்துண்டையும் வாரிக்கொண்டு வரும்.