திருகோணமலை வெயிலில் முதல் முருகைக்கல் தொட்டி

திருகோணமலையில் கடல்மீன் தொட்டி வைக்கப் போவதாகச் சொல்லிப் பாருங்கள். "கடல்தான் வாசலில் கிடக்கிறதே! தண்ணீர், மணல், கல் எல்லாவற்றையும் அள்ளி வந்தால் வேலை முடிந்தது" என்று யாராவது சொல்வார்கள். தண்ணீரைப் பொறுத்தவரை அதில் பாதி உண்மை உண்டு. கல்லைப் பொறுத்தவரை துளியும் இல்லை. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து உடைந்த முருகைக்கல் (பவளப்பாறை) துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. மற்றக் கரைகளிலும் முருகைக்கல் அகழ்வதைச் சட்டம் தடுத்திருக்கிறது. ஆகவே கல்லையும் மணலையும் கடையில்தான் வாங்கப் போகிறோம்.

முதலில் தொட்டியும் இடமும்

சின்னத் தொட்டி சுலபம் என்று நினைக்காதீர்கள். நீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் வேகமாக மாறும். மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் இருந்தால் ஏறக்குறைய 130 லீற்றர் கொள்ளும். தொடக்கத்துக்கு அது நல்ல அளவு. கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் எடை 150 கிலோவைத் தாண்டும் என்பதால் மேசை உறுதியாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். மேற்கு ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம். மின்வயர்கள் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து மேலேறட்டும். வயர் வழியே வழியும் நீர் பிளக்கில் ஏறாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

சூடு

குளிர்நாட்டுக்காரர் எழுதிய குறிப்புகளில் ஹீற்றர் வாங்கச் சொல்வார்கள். நமக்கு அது தேவையில்லை. நம் சிக்கல் நேர்மாறானது. முருகைகளுக்கு, அதாவது உயிருள்ள பவளங்களுக்கு, 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இதம். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மூடிய அறையில் தொட்டி நீர் 30 பாகையை எளிதில் கடந்துவிடும். அது நாட்கணக்கில் நீடித்தால், முருகை தன் உடலுக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். சூடான நீரில் ஒட்சிசனும் குறைவாகவே கரையும்.

கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை மூடி போடுங்கள். ஒரு சிறிய மின்விசிறியை நீர்ப்பரப்பை நோக்கிச் சாய்த்து வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும். அதற்கு விலையாக நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லீற்றர் நீர் ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அப்படியே நிற்கும். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுவதைப் பார்த்தாலே புரியும். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு நாடா ஒட்டிவைத்து, குறைந்த அளவை நாள்தோறும் உப்பில்லாத நீரால் நிரப்புங்கள். கடல்நீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

தண்ணீர்

கடல்நீர் எடுப்பதானால் இடமும் காலமும் முக்கியம். உட்துறைமுகத்தில் கப்பல் எண்ணெய் கலந்திருக்கும். அந்தப் பக்கமே போக வேண்டாம். கொட்டியாறக் குடாவில் மகாவலி கலக்கிறது; வடகீழ்ப் பருவமழையின்போது அங்கே சேறும் நன்னீரும் அதிகம். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், உப்புவெளிப் பக்கம் தொழிலுக்குப் போகும் மீனவரிடம் கேட்டு, அலை உடையும் இடத்துக்கு வெளியே மொண்டுவரச் செய்யலாம். கலன் புதிதாக இருக்கட்டும், மண்ணெண்ணெய் இருந்த கலன் கழுவினாலும் உதவாது. கொண்டுவந்த நீரைத் துணியில் வடித்து, ஒன்றிரண்டு வாரம் இருட்டில் மூடிவைத்து, தெளிந்த பிறகே பாவியுங்கள்.

ஆனாலும் முதல் நிரப்புக்குக் கடையில் வாங்கும் கடலுப்புக் கலவைதான் என் தெரிவு. தவறு நேர்ந்தால் காரணம் தேட ஓர் இடம் குறையும். லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் என்ற கணக்கில், 130 லீற்றருக்கு நாலரைக் கிலோ தேவைப்படும். சமையலுப்பு ஆகாது. கிணற்று நீரும் வேண்டாம், நுண்சவ்வில் வடித்துச் சுத்தமாக்கிய ஆர்.ஓ. நீர் வாங்குங்கள். ஏசியிலிருந்து சொட்டும் நீரைச் சேமிக்கும் யோசனையையும் கைவிடுங்கள். அதன் செப்புக்குழாயிலிருந்து கரையும் செம்பு இறாலையும் முருகையையும் கொன்றுவிடும்.

வாளியில் நீரை ஊற்றி, உப்பைச் சிறிது சிறிதாகத் தூவி, பம்ப் போட்டு ஒருநாள் கலங்கவிடுங்கள். பிறகு உப்பை அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடிச் சரிவில் இரண்டு துளி விட்டு, மூடியை அமர்த்தி, வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு ஒப்படர்த்தி அளவுகோலில் 1.025இல் நிற்க வேண்டும்.

கல், நீரோட்டம், காத்திருப்பு

கடையில் விற்கும் செயற்கைக் கல்லை முதலில் அடித்தளக் கண்ணாடியில் அமர்த்தி, பிறகு மணலைக் கொட்டுங்கள். மணல்மேல் கல்லை வைத்தால், மணலைத் தோண்டும் உயிரினம் ஒருநாள் அதைச் சரித்துவிடும். நீரைச் சுழற்ற பவர்ஹெட் ஒன்று, கழிவை நுரையாக வெளியேற்றப் புரோட்டீன் ஸ்கிம்மர் ஒன்று.

இனிக் காத்திருப்பு. ஓர் உரித்த பச்சை இறாலைத் தொட்டியில் போடுங்கள். அது அழுகி அமோனியா உண்டாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றும். அந்தப் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அமோனியா, நைத்திரைற்று இரண்டும் சோதனையில் சுழியம் காட்டும்வரை மீன் வேண்டாம். இடையில் எல்லாம் பழுப்பாகப் பூசியதுபோல் தெரியும். அது டயட்டம் பாசி, தானாகவே போகும். கடைக்காரர் கொடுக்கும் பாசி மருந்துகளுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

மீனும் முருகையும்

முதலில் ஒரு சோடி கோமாளி மீன், பண்ணையில் வளர்த்ததாக இருந்தால் நல்லது. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல முருகையையே தின்னும், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். நீல அறுவை மீனுக்கு இந்தத் தொட்டி போதாது. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றை மீன் வருவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். மின்சாரம் நின்றால் முதலில் குறைவது ஒட்சிசன்தான்.

முருகை வைக்க இன்னும் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். சொவாந்திட், காளான் முருகை போன்ற மென்மையானவற்றோடு தொடங்கலாம். சொவாந்திட்டைத் தொடும்போது கையுறை அவசியம்; சில இனங்களில் கொடிய நஞ்சு உண்டு. புது முருகையை முதல் வாரம் தொட்டியின் அடியில், வெளிச்சம் குறைந்த இடத்தில் வையுங்கள். விளக்கு எட்டு மணி நேரம் போதும். முருகையின் வாய்கள் பகலில் விரிந்திருந்தால் அடுத்த வாரம் ஒரு படி மேலே ஏற்றலாம். சுருங்கியே கிடந்தால் இடத்தை மாற்றாமல், முதலில் உப்பையும் சூட்டையும் அளந்து பாருங்கள்.