முதல் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்: மெட்டல் டிடெக்டரோடு கிளம்புகிறவர்களுக்கு

எனக்குக் கிடைத்த முதல் நல்ல காசு, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் காலத்து அரைப் பென்னி. தெற்கு இங்கிலாந்தில் தெரிந்தவர் ஒருவரின் வயல், உழுது போட்ட மண், நாலு அங்குல ஆழம். 200 வருஷம் மண்ணுக்குள் கிடந்ததில் கரும்பச்சையாக, வழவழவென்று ஒரு பூச்சு ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்ததும், அம்மா குத்துவிளக்குக்குச் செய்வதைப் போலவே புளியைக் கரைத்துப் போட்டுத் தேய்த்தேன். பத்து நிமிஷத்தில் காசு புதுச் செம்புச் சொம்பு மாதிரி மின்னியது. மன்னரின் மூக்கைத்தான் காணோம். ஆண்டின் கடைசி இரண்டு எண்களையும் காணோம். செம்பு அரித்துப்போன இடத்தில் எழுத்தின் வடிவத்தைத் தாங்கி நின்றதே அந்தப் பச்சைப் பூச்சுதான். புளி அதைத் தின்றபோது எழுத்தும் கூடவே போய்விட்டது.

அதனால் புதியவர்கள் செய்யும் தவறுகளின் பட்டியலில் எனக்கு முதலில் நிற்பது இதுதான். செம்பு, வெண்கலக் காசு எதையும் புளி, எலுமிச்சை, வினிகர், பற்பசை பக்கம் கொண்டுபோகாதீர்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவிட்டு, மண் தானாக இளகும்வரை பொறுத்திருங்கள். அதைவிடச் சாதாரணமாக நடப்பது ஒன்று உண்டு. குழியிலிருந்து எடுத்ததும், "என்ன காசு இது?" என்று கட்டைவிரலால் தேய்ப்பது. காசின் மேல் ஒட்டியிருக்கும் மணல் அந்த நேரத்தில் உப்புத்தாள் வேலையைப் பார்த்துவிடும். பஞ்சு போட்ட ஒரு சின்ன டப்பா போதும், அப்படியே உள்ளே வைத்து வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

அடுத்தது அனுமதி. "பூங்கா பொதுச்சொத்துதானே" என்பது புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் சொல்லும் வசனம். இங்கிலாந்தில் பூங்காவுக்கும் உரிமையாளர் உண்டு, பெரும்பாலும் உள்ளூர் நகரசபை. சில சபைகள் அனுமதி தரும், பல தராது. கேட்காமல் தோண்டுவது தவறு. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடமாக இருந்துவிட்டால், 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அங்கே டிடெக்டரை இயக்குவதே குற்றம், ஒரு பிடி மண்ணைக்கூட நீங்கள் அள்ளியிருக்க வேண்டியதில்லை. லண்டனில் தேம்ஸ் நதியின் கரைச்சேற்றில் தேட லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். கடற்கரையிலும் அது யாருடையது என்று கேட்டுக்கொண்டே இறங்குங்கள். தனியார் வயல் என்றால் கிடைப்பதில் யாருக்கு எவ்வளவு என்பதை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வாய்வார்த்தை தகரமும் ஆணியும் வரும்வரைதான் செல்லும், தங்கம் வந்தால் செல்லாது.

கருவிக்கு வருவோம். 1881இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தோட்டா எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் உலோகம் தேடும் கருவி ஒன்றோடு போனார். தோட்டா அகப்படவில்லை. மெத்தையின் இரும்புச் சுருள்கள் குறுக்கிட்டன என்பார்கள். அந்தக் கதை இன்றும் வயல்களில் நடக்கிறது. இரும்பு முனை வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, "எங்கே வைத்தாலும் கத்துகிறதே" என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காலணியை மாற்றினால் கருவி சரியாகிவிடும்.

குப்பையை ஒதுக்கும் வடிகட்டி வசதியை முழுசாகத் திருகி வைப்பது இன்னொரு தவறு. இயந்திரத்துக்கு உலோகத்தின் பெயர் தெரியாது. மின்சாரம் அதில் எப்படி ஓடுகிறது என்பதை வைத்துத்தான் அது யூகிக்கிறது. அலுமினியத் தாளும் மெல்லிய தங்க மோதிரமும் அதன் காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே குரல். பானக் குவளையைத் திறக்கும் வளையத்துக்கும் மோதிரத்துக்கும் அதே சிக்கல். குப்பையே வேண்டாம் என்றால் தங்கமும் வேண்டாம் என்றுதான் அர்த்தம். முதல் ஆறு மாதம் எல்லாவற்றையும் தோண்டுங்கள். எந்த ஒலி எதைத் தருகிறது என்பது கையில் மண் படாமல் காதுக்குப் பழகாது.

காயிலை, அதாவது கருவியின் அடியில் இருக்கும் தட்டை, தரையோடு ஒட்டி, மட்டமாக வீச வேண்டும். புதியவர்கள் வீச்சின் இரு முனைகளிலும் காயிலைத் தூக்கிவிடுவார்கள், பூசாரி ஆரத்தி காட்டுவதைப் போல. தூக்கிய அளவுக்கு ஆழம் குறைகிறது.

கடற்கரையின் ஈர மணலில் டிடெக்டர் பேய் பிடித்தது மாதிரிக் கத்தும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால், மணலே ஒரு பெரிய உலோகத் தகடாக அதற்குத் தோன்றுகிறது. ஒற்றை அலைவரிசையில் ஓடும் மலிவுக் கருவி இருந்தால் காய்ந்த மணலோடு நின்றுகொள்ளுங்கள். ஈர மணலுக்குப் பல அலைவரிசையில் ஓடுவதோ, மின்துடிப்பு விட்டுத் தேடும் பல்ஸ் வகையோ வேண்டும். கடல் இறங்கும்போது பின்னாலேயே போய், திரும்பும்போது நீங்களும் திரும்புங்கள். கடல் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஓத அட்டவணை பார்க்காமல் இறங்குவதைத் தவறு என்று சொன்னால் போதாது. வடமேற்கு இங்கிலாந்தின் மோர்கம் வளைகுடாவில் 2004 பிப்ரவரியில் மட்டி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்களில் குறைந்தது 21 பேரை ஏறிவந்த கடல் பலிகொண்டது. துருப்பிடித்த உருளையாகக் கனத்த பொருள் ஏதாவது தட்டுப்பட்டால் கையை எடுங்கள். உலகப்போர்க் குண்டுகள் இன்னும் அந்தக் கரைகளில் கிடக்கின்றன. தள்ளி நின்று 999க்கு அழைத்துக் கடலோரக் காவலைக் கேளுங்கள்.

புல்வெளியில் தோண்டும் முறை தனிக் கலை. வட்டமாக வெட்டி எடுத்தால் அந்தத் துண்டு இரண்டே நாளில் பழுத்துவிடும். மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கதவின் கீல் போல விட்டுவிட்டு, புல்லைத் திருப்பிப் போடுங்கள். தோண்டிய மண்ணை ஒரு துணியில் கொட்டுங்கள், அப்போதுதான் முழுசும் குழிக்குத் திரும்பும். மூடி மிதித்த பிறகு நீங்களே இடத்தைத் தேட வேண்டியிருந்தால் வேலை சுத்தம். பூங்காக்களில் பலருக்கு அனுமதி மறுக்கப்படுவதே முன்னால் வந்தவர் விட்டுப்போன குழிகளால்தான் என்பது என் எண்ணம்.

கிடைத்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது கடைசித் தவறு, கனமான தவறும் அதுதான். இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 வருஷத்துக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தங்கமோ வெள்ளியோ கலக்காத காசு என்றால் பத்து. தனிக்காசு பொதுவாகப் புதையலில் சேராது, ஆனாலும் அந்தந்த வட்டாரத்தில் கண்டெடுத்தவற்றைப் பதிவு செய்யும் அலுவலரிடம் காட்டுவது வழக்கம். உடைந்த கப்பலிலிருந்து கரை ஒதுங்கிய பொருளுக்கு வேறு சட்டம், 28 நாள்.

2015இல் இங்கிலாந்தின் லெம்ஸ்டர் அருகே வைக்கிங் காலப் புதையல் ஒன்றைக் கண்ட இருவர், சொல்லாமல் விற்கத் தொடங்கினார்கள். சுமார் 300 காசு இருந்திருக்கும் என்கிறார்கள். மீட்டது ஏறக்குறைய 30. அந்த முப்பதில் சிலவற்றில், வெஸ்ஸெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரடும் பக்கத்து நாடான மெர்சியாவின் மன்னர் இரண்டாம் சியோல்வுல்ஃபும் சேர்ந்து வெளியிட்டதைப் போல, இரு மன்னர்கள் ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள். வைக்கிங்குகளின் கைப்பாவை என்று எழுதப்பட்ட சியோல்வுல்ஃப் ஆல்ஃபிரடின் கூட்டாளியாக இருந்தாரோ என்று வரலாற்றாசிரியர்கள் யோசிக்கிறார்கள். மற்ற 270இல் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இருவருக்கும் 2019இல் பல ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

"கருவியை ஊருக்குக் கொண்டு வாயேன், கரூர் ஆற்றில் ரோமானியக் காசு கிடைக்குமாமே" என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் சித்தப்பா கேட்கிறார். அமராவதி ஆற்றுமணலில் ரோமக் காசுகளும் சங்ககாலக் காசுகளும் கிடைத்தது உண்மைதான். 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும் என்பதும் உண்மை. சித்தப்பாவுக்கு இரண்டாவது உண்மையில் ஆர்வம் இல்லை.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹாக்ஸன் புதையல் இருக்கிறது. 1992 நவம்பரில், சஃபொக்கில் விவசாயி நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப்போன எரிக் லாஸுக்குக் காசுகள் வரத் தொடங்கின. கொஞ்சம் எடுத்ததும் நிறுத்தினார், தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் மண்ணோடு பெயர்த்தெடுத்தார்கள். 14,865 ரோமானியக் காசுகள், தங்க நகைகள், வெள்ளிக் கரண்டிகள். தோண்டாமல் விட்டதால்தான், எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன என்பதுவரை தெரிந்தது. 17.5 லட்சம் பவுண்டு வெகுமதியை விவசாயியோடு பங்கிட்டுக்கொண்டார். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.