வீடு விற்கும்போது கரண்ட் செலவை எப்படிக் காட்டுவது?

வீடு பார்க்க வருபவர் "கரண்ட் பில் எவ்வளவு வரும்?" என்று கட்டாயம் கேட்பார். "ரெண்டாயிரம் வரும்" என்ற பதிலால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டைச் சொல்லுங்கள். அதுவும் ஆண்டுச் சராசரியாக வேண்டாம், ஆறு பில்லையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் இருமடங்கு விலை விழும். 2024 ஜூலைக் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1805 ரூபாய், 501 யூனிட்டுக்கு 2048 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் கூடுகிறது. குளிர்காலத்தில் 350, கோடையில் 700 என்று ஓடும் வீட்டுக்குச் சராசரி போட்டால் இந்தத் தாவல் மறைந்துவிடும். வாங்குபவர் முதல் கோடையிலேயே ஏமாந்த உணர்வோடு உங்களுக்கு போன் செய்வார்.

மின் இணைப்பு எண்ணைப் போட்டு இணையத்தில் கடந்த ஓராண்டுக் கணக்கீட்டை எடுங்கள். ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே அப்போது எத்தனை பேர் குடியிருந்தார்கள், எத்தனை ஏசி ஓடியது என்று கையாலேயே எழுதுங்கள். கதவு பூட்டியிருந்ததால் முந்தைய கணக்கை வைத்துப் போட்ட பில் இருந்தால் அதையும் குறியுங்கள். இல்லையென்றால் ஒரு பில் குறைவாகவும் அடுத்தது திடீரென எகிறியும் தெரியும். மீட்டர் கோளாறோ என்று அவர் சந்தேகப்படுவார். வீடு காலியாகக் கிடந்த மாதங்களின் பில்லை மட்டும் காட்டுவது நேர்மையில்லை.

அடுத்து, எது வீட்டோடு போகிறது, எதை நீங்கள் கழற்றிக்கொண்டு போகிறீர்கள் என்று எழுதுங்கள். 2000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரு எச்பி மோட்டார் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட் இழுக்கும். போர்வெல்லில் தண்ணீர் கீழே போகும் கோடையில் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் சேருங்கள். இதைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மாடிக்குத் தனி மீட்டர் இருந்தால் இரண்டு பில்லையும் கொடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக 100 யூனிட் இலவசம் கிடைப்பதால் ஒன்றை மட்டும் காட்டினால் கணக்கு தப்பும். அடுக்ககமாக இருந்தால் லிஃப்ட், பொது மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றின் பில் தனி. அதன் கட்டண வகையும் வேறு. மாதப் பராமரிப்பில் உங்கள் பங்கு எவ்வளவு என்று சங்கத்திடம் எழுதி வாங்குங்கள். சமையல் எரிவாயுவுக்கு, ஆண்டுக்கு 14.2 கிலோ சிலிண்டர் எத்தனை ஆனது என்று சொன்னால் போதும்.

வீட்டைக் காட்டுவதற்கு முன் ஒரு சோதனை. மெயினை ஆனில் விட்டு, எல்லாச் சுவிட்சையும் அணைத்து, பிரிட்ஜ், இன்வெர்ட்டர் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பத்து நிமிடம் பாருங்கள். விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருந்தால் எங்கோ கரண்ட் போகிறது. பெரும்பாலும் வயரிங் கசிவு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிட்டு விற்பதுதான் முறை.

சாவி கொடுக்கும் நாளில் இருவரும் மீட்டர் முன்னால் நில்லுங்கள். திரையில் எண்கள் மாறி மாறி வரும். கேடபிள்யூஎச் (kWh, அதாவது யூனிட்) என்று காட்டும் எண்ணைத் தேதியோடு படம் எடுங்கள். கடைசிக் கணக்கீட்டுக்குப் பிறகு அந்த எண் வரைக்கும் ஓடியது உங்கள் கணக்கு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவு, விற்பனை நாள் வரை சொத்தின் மீதான பொதுக் கட்டணங்களை விற்பவர்தான் கட்ட வேண்டும் என்கிறது. பாதிச் சுழற்சியில் வீடு கைமாறினால், அடுத்த பில் தொகையை இருவரும் ஓட்டிய யூனிட் விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி போடுங்கள். மின் இணைப்பின் பெயர் மாற்றத்துக்கான சம்மதக் கடிதத்தையும் அன்றே கையெழுத்திட்டுக் கொடுங்கள். மின் இணைப்புக்காக நீங்கள் கட்டியிருக்கும் வைப்புத்தொகையை அவர் பெயருக்கு மாற்றச் சம்மதிக்கிறீர்களா என்பதும் அந்தக் கடிதத்தில் தெளிவாக இருக்கட்டும்.