பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு: முதல் ஆறு வாரம் நடப்பது எப்படி?

இதய பைபாஸ் ஆபரேஷனில் நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, முடிந்ததும் கம்பியால் கட்டுகிறார்கள். அந்த எலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரமாகும். முழு வலு வர 12 வாரம்கூட ஆகலாம். மேல்தோல் ஆறியதைப் பார்த்து உள்ளேயும் ஆறிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் வேறு அளவு எழுதியிருந்தால் அதுதான் உங்களுக்கு.

முதலில் மூச்சு. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டும். நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை வெளியே விடுங்கள். மூச்சுப் பயிற்சிக் கருவியான மூன்று பந்து ஸ்பைரோமீட்டரின் குழாயை உதட்டால் இறுக்கிக் கவ்வி மெதுவாக உள்ளே இழுங்கள். முதல் பந்து எழுந்ததும் 2, 3 விநாடி அப்படியே நிறுத்துங்கள். விழித்திருக்கும்போது மணிக்கு 10 தடவை. பலர் இதை ஊதுகிறார்கள். ஊதினால் பந்து எழாது. வெடுக்கென்று இழுத்து மூன்றையும் தூக்குவதிலும் பயனில்லை. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள்.

எழும்போது கையை ஊன்றாதீர்கள். முழங்காலை மடக்கி, உடம்பு மொத்தமும் ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டால் அந்தக் கனமே உங்களை உட்கார வைக்கும். பாதத்தை மேலும் கீழும் 15 தடவை ஆட்டி, 2 நிமிடம் கழித்து நில்லுங்கள். பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென எழுந்தால் தலை சுற்றும்.

நடை, காலை 5 நிமிடம், மாலை 5 நிமிடம். தினம் 1 நிமிடம் கூட்டுங்கள். 30 நிமிடம் போதும். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். முடியவில்லையா, வேகம் அதிகம். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் வேண்டாம், கண்டெய்னர் லாரிப் புழுதி. வெயில் ஏறும் முன் ராயபுரம் ராபின்சன் பூங்கா மாதிரி சமதரையில் நடக்கலாம். மாடி வீடானால் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறுங்கள். கைப்பிடியைத் தொட்டுக்கொள்ளலாம், இழுத்து ஏறக்கூடாது.

நம் வடசென்னைப் பக்கத்தில் தப்பு நடப்பது தண்ணீர் லாரி வரும்போதுதான். நிறைந்த குடம் 15 கிலோ வரை இருக்கும். நீங்கள் 2 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். அடிபம்பும் கூடாது.

நெஞ்சு இறுக்கம், குளிர்ந்த வியர்வை, மயக்கம் வந்தால் உடனே உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள். நெஞ்செலும்பில் 'கிளிக்' சத்தம், காயத்தில் கசிவு, ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீக்கம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், ரெவ்யூ தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.