கால்வாயில் படகு ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடல் என்றால் தயங்குபவர்கள்கூட, ஆறும் கால்வாயும் என்றால் துணிந்து சொந்தப் படகைக் கிளப்பிவிடுகிறார்கள். அலை இல்லை, கரை பக்கத்திலேயே இருக்கிறது, வேகமும் குறைவு. ஆனால் பத்து டன் படகு ஊர்ந்து வந்தாலும் அதன் எடை குறைவதில்லை. அதற்குப் பிரேக்கும் கிடையாது. பல காயங்கள் இதை மறப்பதால்தான் நேர்கின்றன.

கரையில் மோதப்போகும் படகைக் காலாலோ கையாலோ தடுக்கப் பார்ப்பது இந்த மறதியின் முதல் அடையாளம். சுவருக்கும் படகுக்கும் நடுவே சிக்கிய எலும்பு நொறுங்கிவிடும். மோதலைத் தாங்கத்தான் படகின் ஓரங்களில் ஃபெண்டர்கள் என்ற மெத்தைகள் தொங்குகின்றன; கீறல் விழுந்தால் விழட்டும். கயிற்றோடு கரைக்குத் தாவுவதும் வேண்டாம். படகு கரையை ஒட்டிய பிறகு இறங்கினால் போதும். ஓடும் ஆற்றில் நீரோட்டத்துக்கு எதிர்முகமாகத் திருப்பிக்கொண்டு கரையை அணுகுங்கள். நீரே படகின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும்.

பதற்றத்தில் எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிட்டுச் சுக்கானைத் திருப்புபவர்கள் உண்டு. புரொப்பெல்லர் தள்ளும் நீர் சுக்கானில் படாவிட்டால் கனமான படகு சரியாகத் திரும்பாது. திரும்பும்போது முன்பக்கத்தை மட்டும் பார்ப்பதும் தவறு. பின்பக்கம் எதிர்த்திசையில் வீசிக்கொண்டு போய் எதையாவது இடிக்கும்.

ஆழமில்லாத கால்வாயில் எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் வேகம் கூடாது. படகுக்கும் தரைக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளி வழியாகத்தான் நீர் பின்னால் போக வேண்டும். முடுக்க முடுக்கப் பின்பக்கம் கீழே அமிழும், டீசல்தான் வீணாகும். பிரிட்டனின் குறுகிய கால்வாய்களில் வேக வரம்பு மணிக்கு 4 மைல்தான். கரையோரம் அலை உடைந்து வந்தால் அதுவும் அதிகம் என்று பொருள். அந்த அலை கரையை அரிக்கிறது, கட்டியிருக்கும் படகுகளின் முளைகளைப் பிடுங்குகிறது.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் லாக். நீர்மட்டம் மாறும் இடத்தில் இரு கதவுகளுக்கிடையே படகை நிறுத்தி, நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் தொட்டி அது. இறங்கும்போது மேல்கதவின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் படி, நீர் நிறைந்திருக்கையில் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் பின்பக்கம் தங்கிவிட்டால் முன்பக்கம் மட்டும் இறங்கும். படகு சரிந்து, சில நிமிடங்களில் மூழ்கிவிடும். படி எதுவரை நீள்கிறது என்று சுவரில் கோடு போட்டிருப்பார்கள். பின்பக்கம் அதைத் தாண்டி முன்னால் நிற்கிறதா என்று ஒருவர் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். சிக்கிவிட்டால் முதலில் நீரை வெளியேற்றும் கீழ்மதகுகளை மூடுங்கள். பிறகு மேல்மதகை மெதுவாகத் திறந்து நீரை ஏற்றுங்கள்.

லாக்குக்குள் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது. நீர் இறங்க, முடிச்சுப் போட்ட கயிற்றில் படகு தொங்கும். கரைத்தூணைச் சுற்றிக் கொண்டுவந்து கையில் பிடித்து, தளர்த்திக்கொண்டே இருங்கள்; விரல் தூணுக்கும் கயிற்றுக்கும் நடுவே போகக்கூடாது. ஏறும்போது மதகுகளைச் சட்டென்று முழுதாகத் திறந்தால் பாயும் நீர் படகைத் தூக்கி அடிக்கும். மதகு திறக்கும் கைப்பிடியை அச்சிலேயே விட்டுவிட்டு நகர்வதும் ஆபத்து. மதகைத் தாங்கி நிறுத்தும் கொக்கி நழுவினால் கைப்பிடி சுழன்று மணிக்கட்டை உடைக்கும்.

மழைக்குப் பின் ஆறு வேறு ஆறாகிவிடும். நீரோட்டத்தின் வேகம் இரட்டித்தால் படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். நேற்று தலைக்கு மேல் இருந்த பாலம் இன்று கூரையை உரசும். தடுப்பணையை நோக்கி இழுக்கும் நீரின் விசையை எஞ்சின் வெல்லும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். நீர் வடியும்வரை கட்டிய இடத்திலேயே கிடப்பதுதான் நல்ல மாலுமித்தனம்.

புரொப்பெல்லரில் கயிறோ துணியோ சுற்றிக்கொண்டால் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட பிறகே அதன் அருகே கையைக் கொண்டுபோங்கள். குளிருக்காகக் கேபினின் காற்றுத்துளைகளை அடைத்துவிட்டு அடுப்பு மூட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. துளைகளைத் திறந்தே வையுங்கள், எச்சரிக்கைக் கருவியைப் பொருத்துங்கள். கேபினில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் எல்லாரையும் வெளியே கொண்டுவாருங்கள்.