புற்றுநோய்த் தடுப்புக்கும் சிகிச்சைக்கும் மக்கள் பிரதிநிதியிடம் கோரிக்கை வைப்பது எப்படி? செட்டிநாட்டாருக்கு ஒரு வழிகாட்டி

மனுவை எழுத உட்காரும் முன், எதை யாரிடம் கேட்பது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களில் பரவியிருப்பதால், காரைக்குடிக்காரருக்கும் திருமயத்துக்காரருக்கும் ஆட்சியரும் சட்டமன்ற உறுப்பினரும் வேறு வேறு. சிவகங்கை மக்களவைத் தொகுதிக்குள் இரண்டு ஊர்களும் அடங்குவதால் நாடாளுமன்ற உறுப்பினர் மட்டும் ஒருவரே. அரசு மருத்துவமனையும் ஆரம்ப சுகாதார நிலையமும் மாநில அரசின் பொறுப்பு. மருத்துவர், செவிலியர், கருவி பற்றிய கோரிக்கை சட்டமன்ற உறுப்பினருக்குரியது. மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் மூன்று ஆண்டுகளுக்குள் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. நம் மாவட்டங்களில் அதன் நிலை என்ன என்று மக்களவையில் கேள்வி எழுப்பும்படி நாடாளுமன்ற உறுப்பினரைக் கேட்கலாம். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதை நடைமுறைப்படுத்த வற்புறுத்தும்படி வார்டு உறுப்பினரிடமே சொல்லலாம்.

அடுத்து, ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். "புற்றுநோய்ச் சிகிச்சையை மேம்படுத்துக" என்று பொதுவாக எழுதினால், "பரிசீலிக்கப்படும்" என்பதற்கு மேல் பதிலை எதிர்பார்க்க இயலாது. கதிர்வீச்சுச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் நீளும். நோயாளி கருவியின் கீழ்ப் படுத்திருப்பதோ சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களுக்காகக் காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போய்வருபவருக்கு அன்றைய பகல் முழுவதும் கழிந்துவிடுகிறது. துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்கினாலும், கூலி இழப்பை ஈடுசெய்வதில்லை. ஆகவே, மருத்துவமனைக்கு அருகில் நோயாளியும் துணையும் தங்க இடம் வேண்டும் என்றோ, கீமோதெரபியையேனும் உள்ளூரில் தர வேண்டும் என்றோ கேட்பது பொருத்தம். காசி வரை சென்று சத்திரம் கட்டிய நகரத்தார் வாழும் பகுதியில், அரசு இடம் ஒதுக்கினால் கட்டடத்துக்குக் கொடையாளர் கிடைப்பது அரிதன்று என்பது என் எண்ணம். இதையும் மனுவில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

தடுப்பைப் பொறுத்தவரை, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமிக்கு எதிரான தடுப்பூசியை 14 வயதுச் சிறுமியருக்குப் படிப்படியாக வழங்குவதாகத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. நம் ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு எந்த மாதம் வரும் என்று கேளுங்கள். புற்றுநோயைக் கண்டறியும் அரசின் பரிசோதனைத் திட்டம் பற்றிப் பேசும்போது ஒரு குழப்பம் நேரலாம்: 2023இல் முதலில் தொடங்கப்பட்ட நான்கு மாவட்டங்களுள் ஒன்றான திருப்பத்தூர், வடக்கே உள்ள மாவட்டம், சிவகங்கை மாவட்டத்தில் உள்ள நம் திருப்பத்தூர் அன்று.

நேரில் சந்திக்கும்போது, சிகிச்சை பெற்றவரோ அவர் குடும்பத்தாரோ உடன் வந்து பேசுவது நல்லது. அவர்கள் சம்மதமின்றி மருத்துவ அறிக்கைகளை மனுவுடன் இணைக்கக் கூடாது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தவர், பின்னர் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கியவர் என்பதை நினைவூட்டினால், எந்தக் கட்சிக்காரரும் காது கொடுப்பார்.

சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் நடக்கும் கிராம சபையில் அதே கோரிக்கையைத் தீர்மானமாக்கி, அதன் நகலை மனுவுடன் இணைத்தால் வலு கூடும். சட்டமன்றத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது அத்துறைக்கான நிதி ஒதுக்கீடு, விவாதத்துக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே மனு உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். விவாதம் முடிந்தபின் கொடுத்தால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க நேரும். மனு அளித்த தேதியோடு ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். உறுப்பினர் பரிந்துரைத்த கடிதம் துறையில் எந்த நிலையில் உள்ளது என்பதை, 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் துறையின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். 30 நாள்களுக்குள் அவர் பதில் தர வேண்டும், தராவிட்டால் துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.